மதலேனாளும் அவள் மகளும்

பார்க் எக்ஸ்டென்ஷனில் வாங்கும் மீனை வெட்டுவது யோசெப்பின்தான். தனக்கு மட்டுமல்ல, அண்ணன் பத்திநாதருக்கும் சேர்த்து. புரோசார்டில் அவருடைய புது வீட்டில் மீன் மணம் ஆகாது, மனைவி விடமாட்டார். ஆகவே சனிக்கிழமைகளில் தங்கையின் குசினியில் தேநீர் குடித்தபடி, துண்டுகள் பையில் நிறையும்வரை அவர் காத்திருப்பார்.

யோசெப்பினுக்கு ஐம்பத்தாறு வயது. மொன்றியலுக்கு வந்து பதினெட்டு வருடம். அதில் பன்னிரண்டு தையல் தொழிற்சாலையில் போயிற்று. இப்போது ஒரு கார்டெரியில், குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கிறார். கல்யாணத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் காணி உறுதிகளைப் பார்த்தெழுதிய கை அது. எந்தப் பழைய கையெழுத்தையும் வாசித்துவிடுவார். அதனால்தான் 2006 தை மாதம் தகப்பன் இறந்ததும், முப்பத்தோராம் நாள் நினைவுமலரில் போடவென்று குடும்பத்தின் பழைய மரணசாதனத்தை, சொத்தைப் பங்கிட்டு எழுதிய உயிலை, அவரிடம் பத்திநாதர் கொடுத்தார். ஐந்து தலைமுறைக்கு முந்திய மூத்தவர் 1837இல் இளவாலையில் எழுதி வைத்தது. ஊரிலிருந்து பிரதி வந்திருந்தது.

அதைக் கேள்விப்பட்டு, கோயிலில் பூசை முடிந்த ஒரு நாள், அதே பங்கைச் சேர்ந்த ஹென்றி யோசெப்பினிடம் வந்தார்.

“தங்கச்சி, என்ர அப்புவின்ர அப்பாச்சி அந்தோனியாள். கரம்பனில உங்கட சொந்தக்காரர் வீட்டில வேலைக்கு நிண்டவ. அதுக்கு மேல எங்களுக்கு ஒருத்தரும் இல்லை. உங்கட கடுதாசியில எங்கட ஆக்கள் ஆரும் இருந்தாச் சொல்லும்.”

யோசெப்பின் முதலில் பிழை விட்டார். காணி, பனை, செம்புப் பானை என்று வந்த வரிசையில் மதலேனாள் என்றொரு பெயர் வர, ஞானஸ்நானப் பெயர்தானே என்று அவளையும் ஒரு மகளாக வம்சாவளியில் எழுதிவிட்டார். அடுத்த வரியை வாசித்தபின் அழித்தார். மதலேனாள் அடிமை, எழுதியவரின் மகனுக்குப் பங்காக. அவள் பிள்ளை, ஐந்து வயது அந்தோனியாள், தீவுப் பக்கம் கரம்பனில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு.

“அந்த வரியை விடு,” என்றார் பத்திநாதர், அந்தச் சனிக்கிழமை குசினியில்.

“எதை? செம்புப் பானையையோ?”

“பகிடி விடாதை. செத்தவீட்டுப் புத்தகம். சனம் கதைக்கும்.”

“அப்ப வேற ஆரைக் கொண்டும் எழுதுவியுங்கோ அண்ணை. ஹென்றியண்ணைக்கு இதை விட்டா வேற கடுதாசி இல்லை.”

“ஹென்றிக்கு நீ என்ன சொன்னனி?”

“வரச் சொன்னனான். இண்டைக்கு.”

பத்திநாதரைவிட ஹென்றிக்கு ஏழு வயது கூட. பங்கில் எல்லாருக்கும் அவர் ஹென்றியண்ணை. பத்திநாதர் மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

“அப்ப நான் போறன்.”

“மீன் பாதிதான் வெட்டினது. இருங்கோ.”

ஹென்றி லொங்குய்யிலிருந்து மெட்ரோவில் வந்து சேர்ந்தார். யோசெப்பின் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கையைக் கழுவினார். பிறகு பிரதியை எடுத்து, எழுதியிருந்தபடியே வாசித்தார்.

“மதலேனாள்,” என்றார் ஹென்றி. இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்தார். “தாயின்ர பேர் மதலேனாள்.”

“ஓம் அண்ணை.”

“பிள்ளைக்கு அஞ்சு வயது.”

“அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு.”

பத்திநாதர் தொண்டையைச் செருமினார். “அது அந்தக் காலம், ஹென்றி. எங்கட ஆக்கள் அவையை வீட்டுப் பிள்ளையள் மாதிரித்தான் வைச்சிருந்தவை.”

ஹென்றி அவர் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. வழி கேட்பவரைப் போலத்தான் கேட்டார்.

“இளவாலையில இருந்து கரம்பனுக்கு அப்ப றோட்டு இல்லை. வள்ளத்திலதான் போகவேணும். பிள்ளையைப் போய்ப் பாக்க அவவை விட்டிருப்பினமோ?”

பத்திநாதர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். அதுபற்றி ஏதும் எழுதியிருக்குமோ என்று யோசெப்பின் கடைசித் தாளைப் புரட்டினார். அங்கே சாட்சிகளின் கையெழுத்துகள் மட்டுமே இருந்தன. ஹென்றி, வாசல் நடையில் கழற்றி வைத்த சப்பாத்தைப் போட்டுக்கொள்ளக் குசினியை விட்டுப் போனார்.