பேப்பர் போடாத கதாநாயகி

பெண்கள் வாசிக்கும் காதல் நாவல்களைப் பற்றி யாராவது என் முன்னால் இளக்காரமாகச் சிரித்தால் நான் சும்மா இருப்பதில்லை. கல்லூரியில் ஒரு பேராசிரியர் அவற்றைக் கனவு விற்கும் குப்பை என்றார். படிக்கிற பெண்கள் ஏமாந்து போகிறார்களாம். “எந்தப் பொண்ணு சார்? எங்கக்காவ நீங்க பாத்ததில்ல” என்று எழுந்து சொன்னேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

அக்கா பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் டெய்லர். சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை. கன்னடப் பள்ளியில் சில வகுப்புகளோடு நின்றுவிட்டாள். தமிழ் வாய் நிறைய உண்டு, எழுத்துக் கூட்ட வராது. எங்கள் வீட்டில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்துப் போட்டுவிட்டு அவள் தலையை உலர்த்த உட்கார்ந்தால், ஓசூர் பஸ் நிலையத்தில் வாங்கிவந்த நாவலை நான் உரக்கப் படிக்க வேண்டும்.

பேசாமல் கேட்பாள் என்றா நினைக்கிறீர்கள்? கதையோடு சண்டை போடுவாள்.

கதாநாயகி ஏழை, அழகி. ஆபீஸ் முதலாளியின் மகன் அவள்மேல் உயிரையே விடுவான். அதுவரை அக்காவுக்குச் சம்மதம்தான். சிரிப்பை மறைக்க முடியைக் கோதிக்கொள்வாள். கல்யாணம் நிச்சயமானதும் கதாநாயகி வேலையை விடுவாள். அங்கே அக்கா என்னை நிறுத்திவிடுவாள்.

“இருடா. பேப்பர் போட்டுட்டாளா?”

“ஆமாக்கா, ராஜினாமா பண்ணிட்டா.”

“லூசு. நாளைக்கு அவன் மூஞ்சியத் திருப்பினா சோத்துக்கு என்ன பண்ணுவா? பி.எஃப். என்னாச்சு?”

“அதெல்லாம் கதையில வராதுக்கா.”

“ஏன் வராது? பக்கம் பக்கமா ரோஜாப்பூ மட்டும் வருதில்ல?”

அக்காவின் கம்பெனியில் கல்யாணம் என்றாலே பேப்பர் போடுவதுதான் வழக்கம். வேலையை விட்டால்தான் பி.எஃப். பணம் மொத்தமாகக் கைக்கு வரும். அது நகையாகும், மண்டபமாகும். பிறகு அதே பெண் வேறொரு கம்பெனியில் புது ஆளாகச் சேருவாள். பழைய சர்வீஸ் போச்சு, கிராஜுவிட்டி போச்சு. வீட்டில் யாருக்கும் அது இழப்பாகவே தெரியாது. எங்கள் அம்மாவுக்கும் தெரியவில்லை.

அக்காவுக்கும் காதல் வந்தது. முதலாளி மகன் இல்லை. கம்பெனியின் சரக்கு லிஃப்டைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக். தங்கவயலிலிருந்து வந்து அடுகோடியில் வாடகைக்கு இருக்கிற குடும்பம். தேதி குறிக்க அவரும் அவருடைய அம்மாவும் எங்கள் ஒற்றை அறைக்கு வந்தார்கள். நான் கட்டிலைச் சுவரோரம் தள்ளி நாற்காலி போட்டேன்.

அவருடைய அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார்: “பொண்ணு பி.எஃப். எடுத்துட்டா மாப்பிள்ளைக்கு ஒரு செயின் போட்டுடலாம். ஊர்ல எல்லாம் அப்படித்தானே பண்றாங்க.”

“அதுக்கென்னங்க, எடுத்துடுவா” என்றாள் எங்கள் அம்மா.

காபியோடு வந்த அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். “அத்தை, நான் பேப்பர் போட மாட்டேன்.”

“பேடா, சும்னிரு” என்று அம்மா பதறிக் கன்னடத்துக்குத் தாவினாள்; வேண்டாம், சும்மா இரு என்று அர்த்தம். “கல்யாணம் நின்னுடப் போகுதுடி!”

“நின்னா நிக்கட்டும்மா.” அவருக்காக அக்கா எத்தனை வரன்களைத் தட்டிக் கழித்தாள் என்று எனக்குத் தெரியும். நேராக அவரைப் பார்த்துக் கேட்டாள்: “எனக்குக் கம்மல் வாங்க நீங்க லிஃப்ட் வேலைய விடுவீங்களா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய அம்மா திரும்பி முறைத்தார். “சிரிக்கிறியாடா? உன்னத்தான் கேக்குறா, சொல்லு.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினார்.

“விட மாட்டேன்” என்றார். “செயினும் வேணாம்மா. அதப் போட்டுக்கிட்டு மெஷின் ரூமுக்குள்ள போக முடியாது. மாட்டுச்சுன்னா கழுத்து போயிடும்.”

அந்த அம்மாள் காபியைத் தொடாமல் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டியபடி என்னைப் பார்த்தார். “நீதான கதை படிச்சுக் காட்டுற தம்பி? நல்லாத்தான் படிச்சுக் காட்டியிருக்க.”

“ஆமாங்க” என்றேன். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு எந்தக் கல்லூரியும் தந்துவிடவில்லை.

கல்யாணம் ஆனேக்கல் பக்கம் ஒரு சிறிய கோயிலில் நடந்தது. மாப்பிள்ளை கழுத்தில் மாலை மட்டும். அவருடைய அம்மா வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆனால் முன்வரிசையில். கம்பெனி கொடுத்த சொற்ப லீவு முடிந்ததும் அக்கா காலர் வைக்கப் போய்விட்டாள்.

போன வாரம் அடுகோடி போயிருந்தேன். அக்கா டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

“பி.எஃப். மகாராணி கெளம்பிட்டாங்களா?” என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

“ஆமா அத்தை. கீழ தேர் வந்து ஹாரன் அடிக்குது” என்று சொல்லிவிட்டு, கம்பெனி வேனைப் பிடிக்க அக்கா படியிறங்கி ஓடினாள்.