வேப்பிலை வழக்கு

கோர்ட்டில் அடுத்தவர் பேச்சைப் பேசியே சம்பளம் வாங்கியவன் நான். சனங்கள் தமிழில் சொல்வதை நீதிபதிக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அவர் கேட்பதைச் சனங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் அதே வேலை. மாட்டுத் திருட்டு, கள்ளுக்கடை அடிதடி, தோட்டத்தை விட்டு ஓடியவன், அடுத்தவன் பெண்சாதியை இழுத்துக்கொண்டு ஓடியவன் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அத்தனையும் மறந்து போயிற்று. ஒரு வழக்கு மட்டும் போக மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. எழுதித் தொலைத்தால் தொலையுமா என்று பார்க்கிறேன். தொலையாது என்பதும் தெரியும்.

சீமையில் பெரிய சண்டை முடிகிற சமயம். விஷக்காய்ச்சல் மலாயாவில் எங்கள் ஜொகூருக்குள் ரயிலேறி வந்தது. லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் காலையில் வேலைக்கு நின்றவன் சாயங்காலம் படுத்தான், மூன்றாம் நாள் குழிக்குப் போனான். அரசாங்கத்தார் அவசர உத்தரவு ஒன்று போட்டார்கள். எந்த வீட்டில் தொற்றுநோய் இருப்பதாகச் சுகாதார இன்ஸ்பெக்டர் நியாயமாக நம்புகிறாரோ, அந்த வீட்டை இரண்டு வாரம் அடைத்து வைக்கலாம். டாக்டர் வந்து பார்க்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர் வெளியே கால் வைத்தால் குற்றம். டாக்டர்களே படுத்துக் கிடக்கிறார்கள், வேறென்ன செய்வார்கள் என்று அன்றைக்கு நானும்தான் பேசினேன்.

இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர், நாட்டுக்குப் புதியவர். தமிழில் ஒரு சொல் தெரியாது. தோட்டம் தோட்டமாகச் சுற்றுவதற்கு என்னைக் கோர்ட்டிலிருந்து இரவல் வாங்கிக்கொண்டார். லாபிசைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். கூலிக்காரர் லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு வாசலிலும் வேப்பிலைக் கொத்துச் செருகியிருந்தது. இன்ஸ்பெக்டர் கைத்தடியால் ஒரு கொத்தைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார்.

அங்கேதான் என் வாய் நீண்டது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது எங்கள் வழக்கம், அதைப் பார்த்தால் வெளியாள் உள்ளே போக மாட்டான், உள்ளே இருப்பவன் வெளியே வர மாட்டான் என்று விளக்கினேன். கேட்காத சங்கதியெல்லாம் சொன்னேன். மாரியம்மனைப் பற்றியும் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தார். எழுத எழுத எனக்கு உச்சி குளிர்ந்தது. நான் சொன்னது பொய்யில்லை, நான் பிறந்த ஊரில் அப்படித்தான். ஆனால் இந்த லயத்துக்காரர்கள் எதற்காகச் செருகினார்கள் என்று ஓர் ஆளிடம் கேட்டேனா? கேட்கவில்லை. நானும் தமிழன், அவர்களும் தமிழர்கள், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற திமிர்.

அரை மணி நேரத்தில் லயத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். இரண்டு மாத்தாவைக் காவலுக்குப் போட்டார்கள். போலீஸ்காரனை அங்கே மாத்தா என்போம். அம்மை கண்ட லயம், யாரும் வெளியே வரக்கூடாது என்று நான்தான் தமிழில் உரக்கச் சொன்னேன். முதல் வீட்டிலிருந்து ஒரு பெண் கயிற்றண்டை ஓடி வந்தாள். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவள், முப்பது வயது இருக்காது.

"ஐயா, ஐயா, இங்க யாருக்கும் அம்மை போடலீங்க. காய்ச்சல் வரக்கூடாதுன்னு பூசாரி கோயில் மரத்துல ஒடிச்சுக் குடுத்தாரு. காப்புக்குத்தான் செருகினோம். தொரைகிட்ட சொல்லுங்கய்யா."

இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். பத்தடி தூரம். தப்பாகச் சொல்லிவிட்டேன் சார் என்று ஒரு வார்த்தை போதும். இப்போதுதான் அத்தனை பிரசங்கம் செய்தேன், உடனே அது அப்படி இல்லை என்றால் மனுஷன் என்னை என்ன நினைப்பான்?

"தொரை எழுதிட்டாரும்மா. ரெண்டு வாரம்தானே, பொறுத்துக்குங்க" என்றேன்.

"எங்க வூட்டுக்காரரு டவுன் ஆஸ்பத்திரியில கெடக்குறாருங்க. மரம் சாஞ்சு காலு நசுங்கிப் போச்சு. தெனம் ரயில்ல போயி நாந்தான் கஞ்சி ஊட்டிட்டு வரேன். நான் போவலைன்னா அந்த ஆளு வாயில ஒண்ணும் வெக்க மாட்டாரு."

"ஆஸ்பத்திரியில கஞ்சி குடுப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டு நானும் வண்டியேறினேன்.

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் மாத்தா கண் அசந்த நேரம் பார்த்து ரப்பர் காட்டுக்குள் புகுந்து நடந்துவிட்டாள். லாபிஸ் ஸ்டேஷனில், கையில் தூக்குச் சட்டியோடு ரயிலுக்கு நின்றவளைப் பிடித்தார்கள். அதே ரயிலில் டவுனுக்குக் கொண்டுவந்து எங்கள் கோர்ட்டில் நிறுத்தினார்கள். கூத்தைப் பாருங்கள். நோய் கண்ட லயத்துப் பெண் ரயிலில் வரலாம், கோர்ட்டுக்கு வரலாம், ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகக்கூடாது. அவளை வராந்தாவில் நிறுத்தி, ஜன்னலை எல்லாம் திறந்து வைத்து, நீதிபதி கைக்குட்டையில் தைலத்தைக் கொட்டி மூக்கில் வைத்துக்கொண்டு விசாரித்தார். தூக்குச் சட்டி சாட்சிப் பொருள் என்று சீட்டுக் கட்டி மேசையில் வைத்தாயிற்று. உள்ளே கஞ்சி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

சிங்கப்பூரிலிருந்து நில வழக்குக்காக வந்த ஒரு சீன வக்கீல் அன்று வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடாமலே எழுந்து, இந்தப் பெண்ணுக்காக நான் பேசுகிறேன் என்றார். சின்ன உருவம், குரலும் மெல்லியது. உத்தரவையே கேள்வி கேட்டார். அரசாங்கத்துக்கு அவசர அதிகாரம் இருக்கட்டும், ஆனால் நியாயமான நம்பிக்கை என்று உத்தரவிலேயே எழுதியிருக்கிறதே, ஒரு நோயாளியையும் பார்க்காமல் பன்னிரண்டு வீட்டை அடைத்தது எந்த நம்பிக்கையில்? இலையைப் பார்த்தா? அப்படியானால் நாளைக்கு மாவிலை கட்டிய வீட்டையும் அடைப்பீர்களா?

நீதிபதி கெட்டவரில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார். இன்ஸ்பெக்டர் இலையைப் பார்த்துத் தானாக நினைத்துக்கொண்டார் என்றால் உத்தரவு செல்லாது. விவரம் தெரிந்தவர் ஒருவர் விசாரித்துச் சொல்லியிருந்தால் செல்லும். இன்ஸ்பெக்டரின் அறிக்கையில், கிடைத்த தகவலின் பேரில் என்று இருக்கிறது. தகவல் சொன்னவர் யார், எதை விசாரித்துச் சொன்னார் என்று கேட்டார். இன்ஸ்பெக்டரைக் கேட்கலாம் என்றால் அவரே காய்ச்சலில் விழுந்து கிடந்தார். சரி, இந்தப் பெண்ணுக்குத் தெரியுமா, கேள் என்று என்னிடம் சொன்னார்.

கேட்டேன். "லயத்துல அம்மை இருக்குன்னு தொரைக்கு யாரும்மா சொன்னது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. இதைப் போய்க் கேட்கிறாரே என்கிற மாதிரிதான் பார்த்தாள்.

"நீங்கதானேய்யா சொன்னீங்க? வேப்பிலையக் காட்டிக் காட்டிச் சொன்னீங்களே. இல்லவே இல்லைன்னு நான் உங்ககிட்ட வந்து சொன்னேனே."

கோர்ட்டில் அன்று தமிழும் இங்கிலீஷும் சேர்த்துத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நீதிபதி பக்கம் திரும்பி, இன்ஸ்பெக்டரோடு வந்த யாரோ ஒருவர் சொன்னாராம், யாரென்று இவளுக்குத் தெரியவில்லையாம் என்றேன். முழுப் பூசணிக்காய், ஒரு கவளச் சோறு. குரல்கூடப் பிசகவில்லை.

வேலை போய்விடும் என்று பயந்தேனா என்றால் அதுகூட இல்லை. எனக்குப் பதில் ஆள் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. வெட்கம், அவ்வளவுதான். அத்தனை பேர் முன்னால், என் சனத்தைப் பற்றி நான் கேட்காமல் உளறினேன் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்கு வெட்கப்பட்டேன்.

நீதிபதி வழக்கை ஒரு வாரம் தள்ளி வைத்தார், இன்ஸ்பெக்டர் எழுந்து வரட்டும் என்று. அதுவரை உத்தரவு உத்தரவுதான்.

"என்னங்கய்யா சொல்றாரு?"

"அடுத்த வாரம் வரணும்."

"ஆஸ்பத்திரி இங்கதான்யா இருக்கு, அந்தத் தெருக் கோடியில. எட்டிப் பாத்துட்டு ஓடியாந்துடறேன்னு கேளுங்கய்யா. மாத்தாவும் கூட வரட்டும்."

இதை அட்சரம் பிசகாமல் சொன்னேன். நீதிபதி வருத்தத்தோடு தலையசைத்தார். முடியாது. அவளை மாத்தா கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். வக்கீல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னிடம், தகவல் சொன்ன ஆள் மட்டும் இன்றைக்கு நின்றிருந்தால் இன்றைக்கே முடிந்திருக்கும் என்றார். ஆமாம் சார் என்றேன்.

மறுநாள் மனசு கேட்கவில்லை. மாமாக் கடை என்று அங்கே சொல்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கஞ்சி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால் மூட்டுக்கு மேல் வரை வீங்கி, கறுத்துக் கிடந்தது. அவன் முகம் வற்றியிருந்தது.

"சம்சாரம் குடுத்தனுப்பிச்சாங்க" என்றேன்.

ஒரு வாய் குடித்தான். கரண்டியைத் தள்ளிவிட்டான். "இது அவ வெச்ச கஞ்சி இல்லீங்க. அவளுக்குக் காய்ச்சலா? உண்மையைச் சொல்லுங்க."

"இல்லப்பா, நல்லாத்தான் இருக்காங்க. ரயில் ஓடலை. வந்துடுவாங்க."

"அப்பச் சரி. வரட்டும், சாப்புட்டுக்கிறேன்."

அதற்குப் பிறகு நான் போகவில்லை. போயிருக்க வேண்டும். வழக்குக்கு முதல் நாள் அவன் செத்துப் போனான். லயத்துக்குத் தகவல் போயிற்று. புதைப்பதற்குக்கூட அவளை விடவில்லை. லயத்தில் ஒருவருக்கும் அம்மையும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

மறுநாள் கோர்ட்டுக்கு இன்ஸ்பெக்டர் கம்பளிச் சால்வையோடு வந்தார். நீதிபதி கேட்டதும், இதோ நிற்கிறாரே உங்கள் மொழிபெயர்ப்பாளர், இவர்தான் சொன்னார் என்று சாதாரணமாகச் சொன்னார். நீதிபதி என் பக்கம் திரும்பினார். அங்கே யாரையாவது விசாரித்தீரா என்று கேட்டார். இல்லை என்றேன். போன வாரம் இந்தப் பெண்ணுக்கு இது தெரிந்திருந்ததா என்றார். நான் மேசை மேல் இருந்த தூக்குச் சட்டியைப் பார்த்தேன். அவர் மறுபடி கேட்கவும் இல்லை. பேனாவை எடுத்து எழுதினார். உத்தரவு செல்லாது, லயத்தைத் திறக்க வேண்டும், இவள் மேல் குற்றமில்லை. எல்லாம் நாலு நிமிஷத்தில் முடிந்தது. வக்கீல் சிங்கப்பூரிலிருந்து தந்தியில் வாழ்த்துச் சொன்னாராம்.

அத்தனையும் இங்கிலீஷில் நடந்ததால் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் வராந்தாவுக்குப் போய்ச் சொன்னேன்.

"ஜெயிச்சிட்டீங்கம்மா. உத்தரவு செல்லாதுன்னுட்டாரு. நீங்க எங்க வேணாலும் போலாம்."

"எங்கங்கய்யா போறது?" என்றாள். அப்புறம், "அந்தச் சட்டியக் குடுத்துருவாங்களா?" என்று கேட்டாள்.

கோர்ட்டு சேவகன் மலாய்க்காரன், மூடியைத் திறந்தவன் "அலமாக்!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டான். ஒரு வாரக் கஞ்சி. அவள் சட்டியைக் கோர்ட்டுக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, மண்ணைப் போட்டு நிதானமாகத் தேய்த்துக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். பிறகு என்னிடம் வந்து நின்றாள். திட்டப் போகிறாள், திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நான் நீங்கதான் சொன்னீங்கன்னு சொன்னேன்ல, அதை மறைக்காம ஜட்ஜு தொரைகிட்ட அப்பவே எடுத்துச் சொன்னீங்களே, அது போதுங்கய்யா. வேற ஆளா இருந்தா மறைச்சிருப்பாங்க. அந்த மனுசனுக்கு வெதி முடிஞ்சிருச்சு, அதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

"போயிட்டு வாங்கம்மா" என்றேன்.