அரிசி மாவு சேராத ரொட்டி

என் கணவரின் கால் பெருவிரலில் முள் குத்திய புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. சர்க்கரை இறங்காவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இவரோ எதுவும் நடக்காதது போல் சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் ராகி ரொட்டியை வைத்தேன்.

"இந்தக் கருப்பு ரொட்டியத் திங்கறதுக்கா போர் போட்டு நெல்லு நட்டேன்? சின்ன வயசுல தின்னதே போதும்" என்று தள்ளிவிட்டார்.

"வெரலு வேணுமா, சோறு வேணுமா? நீங்களே சொல்லுங்க."

சோற்றுக் குண்டானைக் கழுவிக் கவிழ்த்தேன். அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் இனிச் சோறு கிடையாது என்றேன். முனகிக்கொண்டே தின்றார்.

பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் சர்க்கரை இறங்கவே இல்லை. மாவில் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டார். களிக்கு அரிசி நொய் போட்டே பழகிய கை இது. ரொட்டி விண்டு போகாமல் இருக்கப் பாதிக்குப் பாதி அரிசி மாவு கலந்திருந்தேன். அதை நான் அரிசியாகவே நினைக்கவில்லை. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

அன்று முதல் வெறும் ராகி மாவும் கொதிக்கும் தண்ணீரும் முருங்கைக்கீரையும்தான். ஓரமெல்லாம் விண்டது. ஈரத்துணியில் வைத்து, விரலை நனைத்து நனைத்துத் தட்டி, துணியோடு கல்லில் கவிழ்த்து உரித்தேன். விட்டுவிடுவேனா? நாலைந்து நாளில் கைக்குப் பிடிபட்டது. மெல்லப் புண்ணும் காயத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துக் கம்பைநல்லூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம்.

"பந்தியில ரொட்டிய எடுத்து என் மானத்த வாங்காத" என்று பஸ்ஸிலேயே எச்சரித்தார். என் பையில் டப்பா இருந்தது, அதில் நாலு ரொட்டி. சோறு வருவதற்குள் ஒன்றை அவர் இலையில் வைத்துவிட்டேன். முறைத்தார்.

பக்கத்து இலையில் இருந்த அவருடைய பங்காளி எட்டிப் பார்த்தார். "ஏம்மா, எனக்குந்தான் சக்கர. ஒண்ணு இங்க போடு."

அவருக்கு அடுத்தவரும் கேட்டார். அதற்கும் அடுத்தவர் கை நீட்டினார். டப்பா காலி. நாலாவது ஆள், இவர் இலையில் தொடாமல் கிடந்த ரொட்டியைப் பார்த்தார்.

இவர் சட்டென்று அதைக் கையால் மூடிக்கொண்டார்.

"இது என்னுதுங்க" என்றார்.