மௌனப்பட நடிகரும் அப்பாவும்

ஈரக் கம்பளி மணந்தால் போதும், தொண்ணூறுகளில் ஜெர்மனியின் ஹம் நகரில் நாங்கள் இருந்த, இப்போது இடித்துவிட்ட அகதி விடுதியின் டிவி அறைக்கு நினைவில் போய்விடுவேன். சுவரோரம் நனைந்த கம்பளிச் சட்டைகளும் கால் சப்பாத்துகளும் காய, ஜெர்மன் வராததால் வேலை கிடைக்காத அப்பா, ஞாயிறு பின்னேரங்களில் அமெரிக்க மௌனப்பட நடிகர் ஒருவர் விழுந்தெழும்புவதைப் பார்த்துக் கண்ணீர் வரச் சிரிப்பார்.

ஒருநாள் அந்த நடிகரின் வாழ்க்கையைக் காட்டினார்கள். பேசும்படங்கள் வந்ததும் அவருக்கு வாய்ப்பே இல்லாமல் போயிற்றாம்.

"என்ன பிள்ளை சொல்லுறாங்கள்?" என்று அப்பா கேட்டார்.

"கதைக்கத் தெரியாதவருக்கு ஆர் அப்பா வேலை குடுப்பினம்?" என்றேன். சொல்லவே கூசுகிறது, விளையாட வந்திருந்த ஜெர்மன் தோழிக்கும் அதை அவள் மொழியில் சொல்லி, அப்பாவைக் காட்டிச் சிரிக்க வைத்தேன்.

"ஓம், அதுவும் சரிதான்" என்றார் அப்பா. பிறகு, வந்த பிள்ளை சங்கடப்படாதபடி, அவளோடு சேர்ந்து தானும் சிரித்தார்.