உமாமகேஸ்வரி அக்காவின் வலது கையும் ஒரு தோமானும்

என் கடையில் நூல்பெட்டிக்குள் கையை விட்டால் தூண்டில் முள் குத்தும். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைக்கிற கடைகள் எத்தனையோ இருக்கின்றன, இந்தக் கொடுமை வேறெங்கும் நடக்காது. முள்ளைக் கொண்டுவந்து போட்டு வைப்பவர் உமாமகேஸ்வரி அக்கா. பதினெட்டு வருடமாக எனக்குத் துணி வெட்டித் தருகிறவர். வாசலில் பாப்பாத்தி டெய்லர்ஸ் என்று என் பெயர்தான் தொங்குகிறது. ஆனால் வருகிறவர்கள் கதவைத் திறந்ததும் கேட்பது, "அக்கா இருக்காங்களா?" என்றுதான். அப்போ நான் யார், பொம்மையா?

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. ஈசூனில் தனியாக இருக்கிறார். போன வருடம் வலது மணிக்கட்டில் நரம்பு அமுங்கி, விரல்கள் மரத்துப்போய், ஆப்பரேஷன் செய்துகொண்டார். மூன்று மாதம் கழித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டில் கத்தரிக்கோல் வழுக்கி, கழுத்து வெட்ட வேண்டிய இடத்தில் தோள் வரைக்கும் ஓடிவிட்டது. அந்தப் பெண்ணிடம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டதை விடுங்கள். அன்றிலிருந்து அக்கா கத்தரிக்கோலைத் தொடவில்லை. கொக்கி வைப்பார், ஓரம் அடிப்பார், அவ்வளவுதான். கையில் ஒரு கோளாறும் இல்லை. பயம்.

கைக்குப் பயிற்சி என்று மருத்துவமனையில் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிச் சலித்துப்போய், வீட்டுப் பக்கத்தில் இருக்கும் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்துக்கு நடக்கப் போயிருக்கிறார். அங்கே ஞாயிறுதோறும் தூண்டில் போடுகிற இயேசுதாசன் பழக்கமானார். தூத்துக்குடிக்காரர், கப்பல் பட்டறையில் வேலை. இந்தாங்க அக்கா, ஒரு தடவை வீசிப் பாருங்க என்று அவர் கோலைக் கொடுத்ததுதான் வினை. அடுத்த வாரமே அக்கா சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டார்.

அந்தத் தண்ணீரில் தோமான் இருக்கிறது. விராலுக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை நீளம், ரம்பம் மாதிரி பல். விடிகிற நேரத்தில் பாசி ஓரமாகத் திரியும், அவ்வப்போது மூச்சு வாங்க மேலே வந்து புரளும். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அதன் மேல் விழாமல் கொஞ்சம் முன்னால் வீசி, மெதுவாகச் சுற்ற வேண்டும். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது இல்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் காதில் ஓதியது.

"ஒரே ஒரு தோமானை இந்தக் கையால பிடிச்சிட்டேன்னா, கை என்னுதுன்னு நம்புவேன் பாப்பாத்தி. அதுவரைக்கும் கத்தரிக்கோல நீட்டாதே."

நானும் பொறுத்தேன். மூன்று தடவை தோமான் கடித்தது, மூன்று தடவையும் நூல் அறுந்தது. தீபாவளிக்கு இரண்டு மாதம்தான். மேசையில் துணி மலையாகக் குவிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு மண்டை சூடாகி, திங்கட்கிழமை சந்திரமதி என்று ஒரு பெண் துணி வெட்ட வருகிறாள், நீங்கள் இனிமேல் கொக்கி மட்டும் வையுங்கள் என்று கத்திவிட்டேன். அக்கா தன் வெட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கே அக்காவைச் சமாதானப்படுத்த ஈசூன் நீர்த்தேக்கக் கரையில் போய் நின்றேன். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று, முந்தின நாள் தேக்கா சந்தையில் அரைக் கிலோ இறால் வாங்கி வைத்திருந்தேன். எந்த மீன்தான் இறாலை வேண்டாம் என்று சொல்லும்? பையைப் பார்த்ததும் அக்காவின் முகம் கறுத்துவிட்டது. இங்கே செயற்கை இரை மட்டும்தான் போடலாமாம், இறாலோடு பிடிபட்டால் அபராதமாம். பலகையில் இவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறதே, கண் எங்கே போச்சு என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். இயேசுதாசன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

பிறகு அக்கா தன் இரையை எடுத்தார். எனக்கு அடையாளம் தெரிந்தது. என் கடைச் சரிகை, என் கடைச் சிவப்பு சாட்டின். முள்ளைச் சுற்றி நூலால் வரிந்து கட்டியிருந்தார். ஒரு பிசிறு இல்லை. இப்படிக் கட்டுகிற கைக்கு என்ன பயம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீசுவதற்கு முன், ரீலின் முகப்பில் இருந்த திருகை அக்கா இறுக்கினார். இன்னும் இறுக்கினார். அது எதற்கு என்று இயேசுதாசனைக் கேட்டேன். தளர்வாக விட்டால் மீன் இழுக்கும்போது நூல் ஓடும், இறுக்கினால் ஓடாது என்றார். அக்கா ரொம்ப இறுக்குறாங்க, மீன் கைய மீறி ஓடிடும்னு பயப்படுறாங்க, நான் சொன்னா கேக்குறதில்ல என்றும் சொன்னார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது.

"அக்கா, மெஷின்ல டென்ஷன இறுக்கினா என்ன ஆகும்?"

"நூல் அறுந்துடும்."

"கடைக்கு வர்ற ஒவ்வொருத்திக்கும் இதைத்தானே சொல்வீங்க. அப்ப இதுக்கு மட்டும் ஏன் இறுக்குறீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார், ரீலைப் பார்த்தார். தையல் மெஷினில் செய்வதுபோல் நூலை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்.

பாசி ஓரத்தில் தண்ணீர் புரண்டது. அக்கா இரண்டு முழம் முன்னால் வீசினார். சரிகை பளபளவென்று வந்தது. நாலு சுற்றுதான் சுற்றியிருப்பார், தண்ணீர் வெடித்தது.

கோல் வில்லாக வளைந்தது. ரீல் கிர்ரென்று கத்திக்கொண்டு நூலை விட்டது. அறுந்துபோகும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அறுந்துபோகவில்லை. மீன் ஓடினால் அக்கா விட்டார், நின்றால் சுற்றினார். பத்து நிமிடம் இருக்கும். வலது மணிக்கட்டில் ஆப்பரேஷன் தழும்பு சிவந்துபோனது. முகமெல்லாம் வேர்வை. நான் வாங்கிக்கவா அக்கா என்று இயேசுதாசன் கோலுக்குக் கை நீட்டினார்.

"தொடாதே தம்பி. இது என் கை."

இயேசுதாசன் வலையைத் தண்ணீருக்குள் இறக்கி அள்ளினார். கறுப்பும் வெள்ளையுமாக, என் கை நீளம், இயேசுதாசனின் தராசில் ஐந்து கிலோவுக்கு மேல். நான் குதித்த குதியில் ஓட்டப்பயிற்சி போன சீனக் கிழவர் ஒருவர் நின்று கைதட்டினார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். அக்கா அழவில்லை. முள்ளைக் குறட்டால் கழற்றி, மீனைத் தண்ணீரில் பிடித்து, அது வாலை அடித்ததும் விட்டுவிட்டார். குழம்பு வைத்தால் எத்தனை பேர் சாப்பிடலாம் என்று நான் புலம்பியது யார் காதிலும் விழவில்லை. உன் இறால் இருக்கே, அதை மிளகாய் அரைச்சுப் போட்டுச் சம்பால் வை என்றார் அக்கா.

பதினொரு மணிக்குக் கடையைத் திறந்தோம். இரண்டு வாரமாக யாரையும் தொடவிடாமல் நான் வைத்திருந்த அரக்குப் பட்டு அலமாரியில் இருந்தது. அக்கா தானே எடுத்து மேசையில் விரித்தார், சாக்பீஸால் கோடு போட்டார், என் பக்கம் கையை நீட்டினார். கத்தரிக்கோலைக் கொடுத்தேன். கழுத்து வளைவை ஒரே மூச்சில் வெட்டி முடித்தார். கோட்டிலிருந்து ஒரு நூல் விலகவில்லை. கத்தரிக்கோலில் மீன் வாசம் அடித்தது. நான் துடைக்கவில்லை.

மறுநாள் சந்திரமதி வந்தாள். நல்ல பெண், கொக்கி அழகாக வைக்கிறாள்.

அன்று மத்தியானம் அந்த அரக்குப் பட்டைக் கொடுத்திருந்த அம்மா கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார். நான் ஒருத்தி கல்லாவில் உட்கார்ந்திருப்பது வழக்கம்போல் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அக்கா இருக்காங்களா?"

"இருக்காங்க," என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.