ஈசானிய மூலையில் முதல் நாற்று

எங்கள் பக்கம் நடவு தொடங்கும் நாளில், வயலின் ஈசானிய மூலையில் வரப்பின்மேல் சாணிப் பிள்ளையார் பிடித்து, அருகம்புல் செருகி, சூடம் காட்டுவோம். பிறகு வீட்டுச் சுமங்கலி இறங்கி முதல் நாற்றை நட வேண்டும். எந்த வீட்டுக்காரி நடுகிறாளோ, அந்த வீடுதான் வயலைச் செய்கிறது என்று ஊர் எடுத்துக்கொள்ளும். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து எங்கள் வயலில் நட்டது நான்தான்.

என் வீட்டுக்காரர் தை மாதம் தவறிவிட்டார். ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்ததும் கொழுந்தனார் வந்தார்.

"அண்ணி, இந்தத் தடவ எம் பொண்டாட்டி எறங்கி நடட்டும். நீங்க வீட்டுலயே இருங்க. இனிமே நெலத்த நானே பாத்துக்கறேன்."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு தடவை கை மாறினால் அந்த வயல் என்னிடம் திரும்பாது. நான் எட்டாவதுதான் படித்தேன். எந்த மடையில் எப்போது தண்ணீர் வைப்பது என்பது மட்டும் எனக்கு மனப்பாடம்.

"நாளைக்கு நானே வரேன் தம்பி" என்றேன்.

காலையில் குளித்து, விபூதி பூசி, விளக்கேற்றினேன். "பிள்ளையாரப்பா, என் கை ஆகாதென்றால் தடுத்துவிடு." கால் தன்னால் வயல் பக்கம் போனது.

அங்கே கொழுந்தனார் மனைவி தாம்பாளத்தோடு நின்றாள். நடவு ஆட்களைக் கூட்டிவரும் அம்மாள், இன்னும் மூன்று பேரோடு தள்ளி மதகோரம் நின்றாள். நாலு பேரும் புருஷனை இழந்தவர்கள். முதல் நாற்று நட்டு முடியும்வரை அவர்களை அங்கே நிறுத்திவைத்தது வேறு யாருமில்லை, நான்தான். வருஷா வருஷம் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று என் வாயால்தான் சொன்னேன். அப்புறம் அவர்களே இறங்கி வயல் முழுக்க நடுவார்கள். அந்த நெல்லைத்தான் பொங்கிச் சாமிக்குப் படைத்தேன்.

நேராக மதகுக்குப் போனேன்.

"என்னம்மா, எங்ககூட நிக்க வந்துட்டீங்களா?" என்றாள் அந்த அம்மாள். குத்தல்தான். வாங்கிக்கொண்டேன்.

"நிக்க வரல, கூப்புட வந்தேன். தப்பு என்னோடது. எல்லாரும் வாங்க."

கொழுந்தனார் வரப்பில் வேகமாக வந்தார். "அண்ணி, சாமி காரியம். வெளையாடாதீங்க."

அந்த அம்மாள் முந்திக்கொண்டாள். "ஏங்கய்யா, மீதி வயல் பூரா நாங்கதான் நடறோம். அந்தப் பயிரெல்லாம் கோவிச்சுக்கிட்டா படுத்துருச்சு?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். கொழுந்தனார் மனைவியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சாமி காரியம்னுதான் தம்பி நானே செய்யறேன்" என்றேன்.

சூடம் காட்டிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். நாற்றை ஊன்றிவிட்டு நிமிர்ந்தபோது, கொழுந்தனார் மனைவி தாம்பாளத்தை வரப்பில் வைத்துவிட்டு அடுத்த நாற்றை என்னிடம் நீட்டினாள். கொழுந்தனார் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் குறுவை அமோகமாக விளைந்தது என்று எழுத ஆசைதான். அறுப்புக்கு நாலு நாள் முன்னால் மழை பிடித்துக் கதிரெல்லாம் சாய்ந்துவிட்டது. கொழுந்தனார் வந்து நின்றார்.

"பாத்தீங்களா அண்ணி?"

"உங்க வயலுந்தானே சாஞ்சு கெடக்கு தம்பி" என்றேன். "அடுத்த போகம் தாளடிக்கு நாத்து விட்டாச்சு. நடவன்னைக்கு வாங்க. சூடம் நீங்க காட்டுங்க. நாத்து நான் நட்டுக்கறேன்."