தொமிகோ ஒரு தனிக் குடும்பம்

ஜப்பானின் ஹமாமட்சு நகரில் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையல் செய்தவள் தொமிகோ. ஒரு வேளைக்கு நானூறு பிள்ளைகள். கடைசிப் பிள்ளை தட்டை வைக்கும்வரை உட்காரமாட்டாள். எண்பத்திரண்டு வயதில் வலது கால் இழுத்துக்கொண்டது. அதன்பின் மாதத்தில் பத்து நாள் முதியோர் இல்லம், மிச்ச நாள் மகன் யசுனோரியின் வீடு.

இல்லத்துக் கட்டணம் வருடா வருடம் ஏறியது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம் போடுவார்கள். யசுனோரிக்கு பேரிங் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் வேலை, நல்ல சம்பளம். கூட வேலை பார்த்தவன் வழி சொன்னான்: ஒரே முகவரியில் இருந்தாலும் அம்மாவைத் தனிக் குடும்பமாகப் பதிந்துவிடு, பாதியாகக் குறையும், எல்லாரும் செய்வதுதான்.

அரை நாள் லீவு போட்டு வார்டு அலுவலகத்துக்குப் போனான். காரணம் கேட்ட கட்டத்தில் ‘பிழைப்பு வேறு வேறு’ என்று எழுதினான். அவள் சாப்பிட்டது அவன் வீட்டுச் சோறு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பேரிங்கைத் திருப்பி அனுப்புகிறவன் அவன். அம்மாவிடம் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் வார்டு அலுவலகத்திலிருந்து அம்மா பெயருக்கு உறை வந்தது. குடும்பத் தலைவர்: தொமிகோ. பூதக்கண்ணாடி வைத்து இரண்டு முறை படித்தாள்.

மறுநாள் காலை சமையலறை வாசலில் கைத்தடியோடு நின்று தலை குனிந்தாள். “தொந்தரவுக்கு மன்னிக்கணும். உள்ள வரலாங்களா?” அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும்போது சொல்கிற வார்த்தை.

“என்னம்மா விளையாட்டு இது?”

“வேற குடும்பம்னு போட்டிருக்கேப்பா. சொல்லாம கொள்ளாம நுழையலாமா?”

அவனுக்குக் காது சுட்டது. நாளைக்கே மாற்றிவிடுகிறேன் என்றான்.

“மாத்தினா எவ்வளவு ஏறும்?”

சொன்னான். அவள் உள்ளே வந்து சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்தாள்.

“அப்ப வேண்டாம். எண்பத்திநாலு வயசுல இப்பத்தான் குடும்பத் தலைவி ஆயிருக்கேன். விருந்தாளிக்கு ஊறுகாய் எடுத்து வை.”

யசுனோரிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் அவனுக்கு உடம்பு கூசுகிறது.

மூன்று வருடம், வீட்டில் இருந்த ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று அதையே சொன்னாள். முதலில் சிரித்தான். பிறகு, தடிச் சத்தம் கேட்டதும், அவள் சொல்வது காதில் விழாதபடி குழாயைத் திறந்துவிடப் பழகினான். மாற்ற அரை நாள் போதும். அவன் போகவில்லை.

பிப்ரவரியில் இல்லத்திலேயே போய்விட்டாள். மரணத்தைப் பதியும் தாளில், தெரிவிப்பவர் யார் என்பதற்குக் கட்டங்கள்: கூட வசித்த உறவு, கூட வசிக்காத உறவு. பேனா நின்றது.

கவுன்ட்டர் பெண் மெதுவாகக் கேட்டாள். “அம்மா உங்க கூடத்தானே இருந்தாங்க?”

“ஆமாங்க.”

முதல் கட்டத்தில் குறியிட்டான். அவள் எதையும் சரிபார்க்காமல் முத்திரை குத்தினாள். மூன்று வருடத்துக்கு முன் இதே கவுன்ட்டரில் அவன் எழுதிக் கொடுத்ததையும் யாரும் சரிபார்க்கவில்லை.